குழந்தைகளின் கண்புரை

குழந்தைகளின் கண்புரை என்பது, பிறக்கும்போதோ வளரும் பருவத்திலோ கண்ணின் உள்ளே இருக்கும் வில்லை தெளிவை இழந்து மங்கிப்போகும் நிலையாகும். பிறக்கும்போதே இருப்பதும், பிறந்த ஓராண்டுக்குள் கண்டறியப்படுவதும் பிறவிக் கண்புரை எனப்படுகின்றன. அதற்குப் பிறகு தோன்றுவது வளர்பருவக் கண்புரை எனப்படும். பிறக்கும் 10,000 குழந்தைகளில் 1 முதல் 15 பேர் வரை இதனால் பாதிக்கப்படுவதாகக் கணக்கிடப்படுகிறது. கண்புரையால் பார்வையை இழந்த குழந்தைகள் உலகில் ஏறத்தாழ 2 இலட்சம் பேர் என 1990களில் மதிப்பிடப்பட்டது. குழந்தைப் பருவப் பார்வையிழப்பில், சிகிச்சையால் தவிர்க்கக்கூடிய முக்கியக் காரணங்களுள் இது ஒன்றாகும்.

முதியவரின் கண்புரையும் குழந்தையின் கண்புரையும் பெயரளவில் ஒன்றாக இருந்தாலும் தன்மையில் வேறுபட்டவை. அறுபது ஆண்டுகள் பார்த்துப் பழகிய ஒருவருக்குப் புரையை அகற்றினால் சில நாட்களிலேயே பழைய பார்வை திரும்புகிறது. ஓராண்டு தாமதித்து அகற்றினாலும் பெரும்பாலும் அதே பலன் கிடைக்கும். குழந்தையோ இன்னும் பார்க்கவே கற்றுக்கொள்ளவில்லை. அந்தக் கற்றலுக்கு இயற்கை ஒதுக்கியுள்ள காலம் மிகக் குறுகியது. முதியவர்களுக்காக ஒரு காலத்தில் சொல்லப்பட்ட "புரை நன்றாக முற்றட்டும், பிறகு எடுக்கலாம்" என்ற பேச்சைக் குழந்தைக்கும் பொருத்திக் காத்திருந்தால், பின்னர் எந்த அறுவைச் சிகிச்சையாலும் ஈடுசெய்ய முடியாத இழப்பு ஏற்படக்கூடும்.

வில்லை மங்குவது ஏன்?

கண்ணின் முன்புறத்தில் கண்ணாடி போலத் தெளிவான கருவிழி உள்ளது. அதன் பின்னால், கண்மணிக்கு நேர் பின்புறம், மெல்லிய உறைக்குள் வில்லை அமைந்திருக்கிறது. வெளியிலிருந்து வரும் ஒளியைக் கருவிழியும் வில்லையும் சேர்ந்து குவித்து விழித்திரையில் விழச் செய்கின்றன. வில்லையில் இரத்த நாளங்கள் இல்லை. கிரிஸ்டலின் எனப்படும் புரதங்கள் அதன் இழைகளுக்குள் நெருக்கமாகவும் சீராகவும் அடுக்கப்பட்டிருப்பதால்தான் ஒளி சிதறாமல் உள்ளே செல்கிறது. இந்த அடுக்கு குலைந்தாலோ, இழைகளுக்குள் நீர் புகுந்தாலோ, புரதங்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டாலோ ஒளி சிதறுகிறது. அப்போது வில்லை வெண்மையாகவோ சாம்பல் நிறமாகவோ தோன்றும்.

வில்லை கருவின் நான்காவது, ஐந்தாவது வாரங்களிலேயே உருவாகத் தொடங்குகிறது. பின்னர் உள்ளிருந்து வெளியே, ஓர் அடுக்கின்மேல் மற்றோர் அடுக்காக வளர்கிறது. எந்தக் காலகட்டத்தில் இடையூறு நேர்ந்ததோ, அப்போது உருவான அடுக்கில் மங்கல் தங்கிவிடுகிறது. அதனால் மங்கல் எந்த அடுக்கில் உள்ளது என்பதிலிருந்து, பாதிப்பு எப்போது நேர்ந்தது என்பதை மருத்துவரால் ஓரளவு ஊகிக்க முடியும்.

மூளை பார்க்கக் கற்கும் காலம்

பார்வை என்பது கண்ணின் வேலை மட்டுமன்று. விழித்திரையிலிருந்து வரும் குறிப்புகளைப் படமாகப் புரிந்துகொள்வது மூளையின் பின்பகுதியில் உள்ள பார்வைப் புறணியாகும். பிறந்த குழந்தையின் மூளையில் இதற்கான நரம்பிணைப்புகள் முழுமை பெற்றிருப்பதில்லை. தெளிவான உருவங்கள் தொடர்ந்து வந்து விழுந்தால்தான் அவை வலுப்பெறும்.

டேவிட் ஹியூபெல், டார்ஸ்டன் வீசல் ஆகிய இரு அறிவியலாளர்கள் 1960களில் பூனைக்குட்டிகளைக் கொண்டு இதனை மெய்ப்பித்தனர். குட்டியின் ஒரு கண்ணைப் பிறந்த சில மாதங்களுக்கு மூடி வைத்துப் பின்னர் திறந்தபோது, அந்தக் கண்ணில் குறை ஏதும் இல்லாதிருந்தும் மூளையின் பார்வைச் செல்கள் அதன் குறிப்புகளுக்கு ஏறக்குறைய இசையவே இல்லை. திறந்திருந்த கண் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. வளர்ந்த பூனையின் கண்ணை மூடி வைத்தபோது இத்தகைய இழப்பு நேரவில்லை. பார்வை அமைப்பைப் பற்றிய ஆய்வுகளுக்காக இவ்விருவரும் 1981ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

அடர்ந்த கண்புரையுடன் பிறக்கும் குழந்தைக்கும் இதே நிலைதான். கண் திறந்திருந்தாலும் உள்ளே செல்வது வெறும் மங்கிய வெளிச்சமே. இந்நிலை நீடித்தால், பின்னர் வில்லையை அகற்றினாலும் மூளை அந்தக் கண்ணைப் பயன்படுத்தாது. இந்தக் குறைபாடு ஆம்பிளையோப்பியா என்றும், பேச்சு வழக்கில் சோம்பேறிக் கண் என்றும் அழைக்கப்படுகிறது. இரு கண்ணிலும் புரை இருந்தால் இரண்டும் சம அளவில் பின்தங்குகின்றன. ஒரு கண்ணில் மட்டும் இருந்தால் நல்ல கண் அதனுடன் போட்டியிட்டு மூளையில் அதன் இடத்தையும் எடுத்துக்கொள்கிறது. எனவே ஒரு கண் புரையில் பார்வையை மீட்பது இன்னும் கடினம்.

காரணங்கள்

மரபு: பெற்றோரில் ஒருவருக்குச் சிறு வயதில் கண்புரை இருந்திருந்தால், சில மரபு வகைகளில் ஒவ்வொரு குழந்தைக்கும் அது வருவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. வேறு சில வகைகள், தாய் தந்தை இருவரும் ஒரே குறைபாட்டு மரபணுவைச் சுமந்திருந்தால் மட்டுமே வெளிப்படும். நெருங்கிய உறவுத் திருமணங்களில் இதற்கான வாய்ப்பு கூடுகிறது. டவுன் கூட்டறிகுறி போன்ற குரோமோசோம் வேறுபாடுகளுடன் பிறக்கும் குழந்தைகளிடமும் கண்புரை மிகுதியாகக் காணப்படுகிறது.

கருவில் தொற்று: இவற்றுள் முதன்மையானது ஜெர்மன் தட்டம்மை எனப்படும் ரூபெல்லா. இத்தொடர்பை முதலில் வெளிப்படுத்தியவர் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரைச் சேர்ந்த கண் மருத்துவர் நார்மன் கிரெக். கண்புரையுடன் பிறந்த குழந்தைகள் வழக்கத்துக்கு மாறாக அடுத்தடுத்து வருவதைக் கவனித்த அவர், அவர்களுடைய தாய்மார்களில் பெரும்பாலோர் கருவுற்ற தொடக்கத்தில் ரூபெல்லாவால் பாதிக்கப்பட்டிருந்ததைக் கண்டறிந்தார். 1941இல் அவர் வெளியிட்ட அறிக்கை 78 குழந்தைகளைப் பற்றியது. அவர்களில் பலருக்கு இதயக் குறைபாடும் இருந்தது. தாய்க்கு இலேசான காய்ச்சலும் தடிப்பும் தந்து போகும் ஒரு நோய் கருவை இவ்வளவு பாதிக்கும் என்பதை அன்றைய மருத்துவ உலகம் அறிந்திருக்கவில்லை. ரூபெல்லாவுடன் பிறக்கும் குழந்தைக்குக் கண்புரை, காது கேளாமை, இதயக் குறைபாடு ஆகியவை சேர்ந்தே வரக்கூடும்.

வளர்சிதை மாற்றக் குறைபாடுகள்: கேலக்டோசீமியா என்ற நோயில், பாலில் உள்ள சர்க்கரையின் ஒரு பகுதியான கேலக்டோசைக் குழந்தையின் உடலால் செரித்துப் பயன்படுத்த முடிவதில்லை. அது வேறு பொருளாக மாறி வில்லைக்குள் தேங்கி நீரை உறிஞ்சுவதால் வில்லை மங்குகிறது. தொடக்கத்திலேயே கண்டறிந்து, மருத்துவரின் மேற்பார்வையில் பாலற்ற சிறப்பு உணவுக்கு மாற்றினால் புரை குறையவும் மறையவும் கூடும். அறுவையின்றிச் சரியாகக்கூடிய அரிதான கண்புரை இதுவாகும்.

கண்ணின் வளர்ச்சிக் குறை: கருவில் வில்லைக்கு இரத்தம் கொண்டுசென்ற நாளங்கள் பிறப்பதற்கு முன் மறைந்துவிட வேண்டும். அவை மறையாமல் எஞ்சினால் ஒரு கண்ணில் மட்டும் புரை உண்டாகலாம்.

பிறந்த பின் ஏற்படுபவை: கண்ணில் படும் காயம் இவற்றுள் முக்கியமானது. கிட்டிப்புள், வில் அம்பு, பட்டாசு, பென்சில் அல்லது காம்பஸ் முனை ஆகியவற்றால் அடிபட்டு வில்லை உடைந்து புரையாவது உண்டு. கண் அரிப்புக்காக மருந்துக் கடையில் தாமாகவே வாங்கி மாதக்கணக்கில் இடப்படும் ஸ்டீராய்டு சொட்டு மருந்துகளும் கண்புரைக்குக் காரணமாகின்றன. கண்ணின் உள் அழற்சி, நீரிழிவு, கதிர்வீச்சுச் சிகிச்சை ஆகியவை பிற காரணங்கள்.

1990களில் மதுரையில் நடத்தப்பட்ட ஓர் ஆய்வில், காயத்தால் அல்லாத கண்புரையுடன் வந்த குழந்தைகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு மரபும், ஏழில் ஒருவருக்கு ரூபெல்லாவும் காரணமாக இருந்தன. ஏறக்குறைய பாதிப் பேருக்குக் காரணம் எதுவும் புலப்படவில்லை. எனவே கண்புரைக்குக் காரணம் தெரியாமல் போவது இயல்பே. சந்திர கிரகணத்தையோ, தாய் உண்ட உணவையோ குறைகூறுவதில் பொருளில்லை.

அறிகுறிகள்

கைக்குழந்தையால் "தெரியவில்லை" என்று சொல்ல முடியாது. ஆகவே வீட்டில் உள்ளவர்களின் கவனிப்பே முதல் பரிசோதனையாக அமைகிறது. கீழ்க்காண்பவற்றில் ஒன்று தென்பட்டாலும் கண் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

* கண்மணி கறுப்பாக இல்லாமல் வெண்மையாகவோ சாம்பலாகவோ தெரிதல்.
* பிளாஷ் வைத்து எடுத்த படத்தில் ஒரு கண் சிவப்பாகவும் மறு கண் வெண்மையாகவும் தெரிதல்.
* இரண்டு மாதம் கடந்தும் தாயின் முகத்தை நோக்காமலும், மூன்று மாதம் கடந்தும் அசையும் பொருளைப் பின்தொடராமலும் இருத்தல்.
* கண்கள் தாமாக இடைவிடாது ஆடிக்கொண்டிருத்தல்.
* மாறுகண்.
* வெயிலிலும் வெளிச்சத்திலும் கண்ணைச் சுருக்கிக்கொள்ளுதல்.
* ஒரு கண்ணை மூடினால் மட்டும் குழந்தை சிணுங்குதல் அல்லது கையைத் தட்டிவிடுதல்.
* சற்று வளர்ந்த குழந்தை தொலைக்காட்சியை நெருங்கிப் பார்த்தல், கரும்பலகை எழுத்துகளைத் தவறாக எழுதுதல்.

இவற்றுள் கண்கள் இடைவிடாது ஆடுவது குறிப்பிடத்தக்கது. இரு கண்களிலும் அடர்ந்த புரை இருந்து, முதல் இரண்டு மூன்று மாதங்கள் பார்வை கிட்டாதபோது இது தோன்றுகிறது. இது தொடங்கிவிட்டால், முழுப் பார்வையை மீட்கும் வாய்ப்பு ஏற்கெனவே குறைந்துவிட்டது என்று பொருள்.

வெண்மையாகத் தெரியும் கண்மணி எல்லாம் கண்புரை ஆகிவிடாது. ரெட்டினோபிளாஸ்டோமா என்னும் விழித்திரைப் புற்றுநோயும் இதே தோற்றத்தைத் தரும். அது உயிருக்கே ஆபத்தானது. எனவே வெண்மையைக் கண்டால் நாட்களைக் கடத்தக் கூடாது. கண்ணில் தாய்ப்பால் விடுதல், எண்ணெய் விடுதல், பச்சிலைச் சாறு பிழிதல் ஆகியவை புரையைக் கரைக்காது. மாறாக, கருவிழியில் புண்ணை உண்டாக்கும் ஆபத்து அவற்றில் உண்டு. கண்புரையைக் கரைக்கும் சொட்டு மருந்தும் இதுவரை இல்லை.

கண்டறிதல்

பிறந்த குழந்தையின் கண்புரையைக் கண்டறிய எளிய சோதனை ஒன்று உள்ளது. வெளிச்சம் குறைந்த அறையில், கண் நோக்கும் சிறு கருவியின் ஒளியைச் சற்றுத் தொலைவிலிருந்து இரு கண்களிலும் பாய்ச்சினால், நல்ல கண்ணில் விழித்திரையிலிருந்து செந்நிற ஒளி திரும்பி வரும். வில்லை மங்கியிருந்தால் அதில் கரும்புள்ளியோ நிழலோ தெரியும். அடர்ந்த புரையில் செந்நிறமே தெரியாது. செவ்வொளிச் சோதனை எனப்படும் இதற்கு ஒரு நிமிடம் போதும். குழந்தை மருத்துவமனையிலிருந்து வீடு செல்லும் முன்பும், பின்னர் தடுப்பூசிக்கு வரும்போதும் இதனைச் செய்தால் பெரும்பாலான பிறவிப் புரைகள் உரிய காலத்தில் தெரிந்துவிடும். இந்தியாவில் 2013இல் தொடங்கப்பட்ட தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தில், பிறவியிலேயே கண்டறிய வேண்டிய குறைபாடுகளின் பட்டியலில் பிறவிக் கண்புரையும் சேர்க்கப்பட்டுள்ளது. மகப்பேறு நடக்கும் இடங்களிலும், அங்கன்வாடிகளிலும், அரசுப் பள்ளிகளிலும் இத்திட்டத்தின்கீழ்க் குழந்தைகள் பரிசோதிக்கப்படுகின்றனர்.

சோதனையில் ஐயம் எழுந்தால் கண் மருத்துவர் கண்மணியை விரிக்கும் மருந்திட்டு வில்லையை ஆராய்வார். விழித்திரை மறைந்திருந்தால் ஒலியலை ஸ்கேன் எடுக்கப்படும். தேவையெனில் இரத்தச் சோதனையும், இதயம், காது ஆகியவற்றின் சோதனைகளும் செய்யப்படும். பெற்றோர், உடன்பிறந்தோர் கண்களையும் பார்ப்பது வழக்கம். தாயின் கண்ணில் அவரே அறியாத சிறு புரை தென்பட்டுக் காரணம் விளங்குவதும் உண்டு.

எல்லாப் புரைக்கும் அறுவை தேவையா?

தேவையில்லை. வில்லையின் முன்முனையில் ஊசிமுனை அளவு இருக்கும் புள்ளி போன்ற புரைகள் பல ஆண்டுகள் அப்படியே இருக்கலாம். அவற்றுக்குக் கண்ணாடியும் முறையான கண்காணிப்பும் போதுமானவை. பார்வை அச்சின் நடுவில் 3 மில்லிமீட்டர் அல்லது அதற்கும் பெரிதான அடர்ந்த மங்கல் இருந்தாலோ, மாறுகண்ணோ கண்ணாட்டமோ தொடங்கியிருந்தாலோ அறுவை தேவைப்படும்.

அடர்ந்த பிறவிப் புரைக்குரிய காலம் மருத்துவத்தில் ஏறக்குறைய உறுதியாக வரையறுக்கப்பட்டுள்ளது. ஒரு கண் புரை எனில் பிறந்து சுமார் 6 வாரங்களுக்குள்ளும், இரு கண் புரை எனில் சுமார் 8 வாரங்களுக்குள்ளும் அகற்றுவது நல்லது. மிகவும் முந்திக்கொண்டு முதல் நான்கு வாரங்களுக்குள் செய்தால் பின்னாளில் கண் நீர் அழுத்த நோய் வரும் வாய்ப்பும், மயக்க மருந்தின் ஆபத்தும் கூடுகின்றன. ஆகவே மருத்துவருக்குக் கிடைக்கும் பொருத்தமான காலம் சில வாரங்களே. ஆறாம் வாரத்தில் அறுவை நடக்க வேண்டுமெனில், புரை அதற்கு முன்பே கண்டறியப்பட்டு, குழந்தை உரிய மருத்துவமனைக்கு வந்து சேர்ந்திருக்க வேண்டும்.

அறுவைச் சிகிச்சை

முதியவர்களுக்கு மரத்துப்போகும் மருந்து மட்டும் கொடுத்துச் செய்யப்படும் இந்த அறுவை, குழந்தைகளுக்கு முழு மயக்கத்தில் செய்யப்படுகிறது. குழந்தையின் வில்லை மென்மையாக இருப்பதால் அதனை உடைக்கத் தேவையில்லை. சிறு துளை வழியே உறிஞ்சி எடுத்துவிடலாம். ஆனால் உறையின் பின்சுவரை அப்படியே விட்டால், சிறு குழந்தைகளில் அது சில வாரங்கள் அல்லது மாதங்களில் மீண்டும் மங்கிவிடும். எனவே பின்சுவரின் நடுவே வட்டமாகத் திறந்து, அதன் பின்னால் உள்ள கூழ் போன்ற பொருளிலும் சிறிதளவு அகற்றப்படுகிறது. குழந்தையின் கண்சுவர் நெகிழ்வானது என்பதால் துளைகளுக்குத் தையல் இடப்படும்.

வில்லை நீங்கிய கண்ணால் ஒளியைக் குவிக்க இயலாது. அதற்கு மாற்று மூன்று: கனத்த கண்ணாடி, காண்டாக்ட் லென்ஸ், கண்ணுக்குள் பொருத்தும் உள்விழி லென்ஸ். கைக்குழந்தையின் கண் விரைவாக வளர்வதே இங்குள்ள சிக்கல். பிறக்கும்போது ஏறத்தாழ 17 மில்லிமீட்டர் நீளமுள்ள கண், வளர்ந்தபின் 23 முதல் 24 மில்லிமீட்டர் ஆகிறது. இன்று பொருந்தும் லென்ஸ் சில ஆண்டுகளில் பொருந்தாமல் போகும். கண்ணாடியையும் காண்டாக்ட் லென்ஸையும் மாற்றுவது எளிது. உள்ளே பொருத்தியதை மாற்றுவது எளிதன்று.

இவற்றுள் எது நல்லது என்பதை அறிய அமெரிக்காவில் 2004இல் ஓர் ஆய்வு தொடங்கியது. ஒரு கண்ணில் புரையுடன் இருந்த 114 கைக்குழந்தைகளில் பாதிப் பேருக்கு உள்விழி லென்ஸும், மறுபாதிக்குக் காண்டாக்ட் லென்ஸும் கொடுக்கப்பட்டன. நாலரை வயதில் சோதித்தபோது இரு பிரிவினரின் பார்வையிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஆனால் உள்விழி லென்ஸ் பெற்றவர்களில் 72 விழுக்காட்டினருக்கு மேலும் அறுவைகள் தேவைப்பட்டன. மறு பிரிவில் அது 21 விழுக்காடு மட்டுமே. இதனால் இரண்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளுக்குப் பெரும்பாலும் காண்டாக்ட் லென்ஸோ கண்ணாடியோ கொடுத்து, பின்னர் உள்விழி லென்ஸ் பொருத்துவது பலர் பின்பற்றும் முறையாயிற்று. காண்டாக்ட் லென்ஸைத் தூய்மையாகப் பேண வசதியில்லாத குடும்பங்களில் மருத்துவர்கள் வேறு முடிவெடுப்பதும் உண்டு.

அறுவைக்குப் பிறகு

பெற்றோர் பலர், அறுவை முடிந்ததும் சிகிச்சை முடிந்ததாக எண்ணுகின்றனர். உண்மையில் அறுவை ஒளிக்கு வழி திறக்கிறது. பார்வையை உருவாக்கும் பணி அதன் பின்னரே தொடங்குகிறது.

ஒரு கண் புரையில் நல்ல கண்ணை ஒட்டுத் துணியால் மறைத்து, பின்தங்கிய கண்ணைப் பார்க்கச் செய்ய வேண்டும். மேற்கூறிய அமெரிக்க ஆய்வில், குழந்தைக்கு எத்தனை மாத வயதோ நாளொன்றுக்கு அத்தனை மணி நேரம் என்ற கணக்கில் எட்டு மாதம் வரை கண் மறைக்கப்பட்டது. அதன்பின் விழித்திருக்கும் நேரத்தில் பாதி. ஒவ்வொரு குழந்தைக்கும் எவ்வளவு நேரம் என்பதை மருத்துவரே முடிவு செய்வார். தெரியும் கண்ணை மறைப்பதால் குழந்தை அழும், ஒட்டைப் பிய்த்தெறியும். பாட்டி தாத்தாவுக்கு மனம் பொறுக்காது. இருந்தும் இதனை ஆண்டுக்கணக்கில் தொடர வேண்டியிருக்கிறது. எனவே இதன் தேவையை வீட்டில் உள்ள அனைவருக்கும், பின்னர் பள்ளி ஆசிரியருக்கும் விளக்கிச் சொல்வது சிகிச்சையின் ஒரு பகுதியாகும்.

வாழ்நாள் முழுதும் கண்காணிக்க வேண்டியது கிளாக்கோமா என்னும் கண் நீர் அழுத்த நோய். அதே ஆய்வில் அறுவைக்குப் பின் பத்தாண்டுகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு குழந்தைக்கு இந்நோய் வந்தது. இது வலியின்றி வரக்கூடியது. கண் நன்றாக இருப்பதாகத் தோன்றினாலும் மருத்துவர் குறித்த நாளில் சென்று அழுத்தம் அளந்துகொள்வதே பாதுகாப்பு. பார்வை அச்சு மீண்டும் மங்குதல், உள் அழற்சி, விழித்திரை விலகல் ஆகியவை பிற சிக்கல்கள்.

தாமதமாக வந்த குழந்தைகள்

உரிய காலம் கடந்துவிட்டால் சிகிச்சையே வீண் என்பதும் சரியன்று. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த பவன் சின்ஹா தொடங்கிய பிரகாஷ் திட்டம், பிறவியிலேயே பார்வையற்றிருந்த வட இந்தியச் சிற்றூர்க் குழந்தைகளுக்குச் சிகிச்சை அளித்து, அவர்கள் பார்க்கக் கற்கும் விதத்தையும் ஆராய்ந்தது. 2011இல் வெளியான அதன் ஆய்வு ஒன்றில் 8 முதல் 17 வயது வரையான ஐவர் பங்கேற்றனர். அறுவை முடிந்தவுடன், கையால் தொட்டு அறிந்த பொருளைக் கண்ணால் மட்டும் பார்த்து அடையாளம் காண அவர்களால் இயலவில்லை. சில நாட்களிலேயே அத்திறன் வளரத் தொடங்கியது. எனினும் இத்தகைய குழந்தைகளுக்குக் கூர்மையான பார்வை கிட்டுவதில்லை. ஒருவர் தாமாக நடக்கவும், முகங்களை அறியவும், பெரிய எழுத்துகளைப் படிக்கவும் கிடைக்கும் பார்வையும் வாழ்க்கையை மாற்றக்கூடியதே. ஆகவே வயது கடந்தது என்று எந்தக் குழந்தையையும் பரிசோதனையின்றி விட்டுவிடலாகாது.

தடுப்பு

மரபுவழிப் புரையை முழுமையாகத் தடுக்க இயலாது. ஆயினும் குடும்பத்தில் முன்னரே இக்குறை இருந்தால், பிறந்த நாளிலேயே குழந்தையின் கண்ணைச் சோதிக்கச் செய்யலாம். ரூபெல்லாவால் வரும் புரையைத் தடுப்பூசியால் அறவே ஒழிக்க முடியும். இலங்கை 1996இல் ரூபெல்லா தடுப்பூசியைத் தொடங்கி, 2020இல் அந்நோயை ஒழித்த நாடாக உலகச் சுகாதார நிறுவனத்தால் உறுதிசெய்யப்பட்டது. இந்தியாவில் தட்டம்மை–ரூபெல்லா தடுப்பூசி இயக்கம் 2017 பிப்ரவரியில் தமிழ்நாடு உள்ளிட்ட சில மாநிலங்களில் தொடங்கியது. 9 மாதம் முதல் 15 வயதுக்கு உட்பட்டோருக்கு அப்போது ஊசி போடப்பட்டது. இப்போது 9 முதல் 12 மாதங்களுக்குள் ஒன்றும், 16 முதல் 24 மாதங்களுக்குள் மற்றொன்றுமாக இரு தவணைகள் அட்டவணையில் உள்ளன. கருவுற்றிருக்கும்போது இந்த ஊசியைப் போடக் கூடாது. ஊசி போடாத பெண்கள் கருத்தரிப்பதற்குக் குறைந்தது ஒரு மாதம் முன்பே போட்டுக்கொள்ள வேண்டும்.

மருத்துவர் எழுதித் தராத ஸ்டீராய்டு சொட்டு மருந்துகளைத் தவிர்ப்பதும், கூர்மையான பொருட்களுடனும் பட்டாசுடனும் விளையாடும் குழந்தைகளைப் பெரியவர்கள் கவனித்துக்கொள்வதும் பின்னர் வரும் புரைகளைக் குறைக்கும். பிறவிப் புரையைப் பொறுத்தவரை, முதல் சில வாரங்களுக்குள் குழந்தையின் கண்மணியை யாராவது ஒருவர் ஒளியில் உற்று நோக்குவதே அதன் பார்வையைக் காக்கும் முதல் படியாகும்.